பிறர் உள்ளத்தில் புகுந்து எழுதுதல்

(முதுகலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு)

சென்ற ஆண்டு இம்மலருக்கென்று ஒரு சிறுகதை எழுதினேன். வேலை முடிந்து வீடு திரும்பும் இளம்பெண் ஒருத்தி தன் கதையைத் தானே சொல்வதாக அமைத்திருந்தேன். இரவு பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் தனியே நிற்கும் அவள், நிலவின் அழகில் தன்னை மறக்கிறாள். படித்துப் பார்த்த என் அக்கா, "ஏண்டா, அந்த நேரத்துல தனியா நிக்கிறவ நிலாவையா பார்ப்பா? பின்னால எவன் நிக்கிறான்னுல்ல பார்ப்பா!" என்றாள். கதையைக் கொடுக்காமல் நிறுத்திவிட்டேன்.

ஆண் பெண்ணாக நின்று பேசுவது தமிழுக்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்களில் தலைவி கூற்றாக வருவனவற்றுள் பல ஆண்பாற் புலவர் பாடியவை. ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது மரபு. ஆகவே அவர்கள் பாடியது பொதுவானதொரு தலைவியின் துயரை. இன்றைய கதாசிரியனுக்கு அந்த நிழல் இல்லை. அவன் படைக்கும் பெண்ணுக்குப் பெயருண்டு, தெருவுண்டு, சம்பளமுண்டு, அன்றாடம் ஏறவேண்டிய பேருந்தும் உண்டு.

ஜெயகாந்தனை இங்கே பாடமாகக் கொள்ளலாம். 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை ஆசிரியரே வெளியில் நின்று சொல்கிறார். கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளின் தலையில் தாய் நீரை ஊற்றித் தேற்றுகிறாள். அந்தத் தாய் அவ்வாறு செய்யாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால்? அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற இந்நாவலில் 'நான்' என்று பேசுகிறவள் கங்கா. நாவலுக்குள்ளேயே ஓர் ஆண் எழுத்தாளர் 'அக்கினிப் பிரவேசம்' கதையை எழுதுகிறார். அதைக் கங்கா படிக்கிறாள். தனக்குக் கிடைக்காத ஆறுதலை அச்சில் பார்க்கிறாள்! தம் கதையைத் தம் பாத்திரத்தின் கையிலேயே கொடுத்துப் படிக்கச் செய்ய எவ்வளவு துணிவு வேண்டும்! நானும் அக்காவிடம் கொடுத்தேன்தான். பாராட்டு வாங்கக் கொடுத்தேன்.

எனினும் கங்கா நீளமாக வாதாடும் பக்கங்களில் ஜெயகாந்தனின் மேடைக்குரலே கேட்கிறது என்பது என் கருத்து. தாயோடும் மாமாவோடும் அவள் படும் பாட்டில் அக்குரல் மறைந்துவிடுகிறது.

பால் வேறுபாட்டைப் போலவே வாழ்க்கை வேறுபாடும் கடத்தற்கரியது. முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணன், நீலகிரிப் படுகர் வாழ்வைக் 'குறிஞ்சித்தேன்' நாவலிலும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் பாட்டைக் 'கரிப்பு மணிகள்' நாவலிலும் எழுதினார். நேரில் சென்று, பழகி, கேட்டறிந்து எழுதுவது அவர் வழக்கம். வரப்பில் நின்று பார்ப்பவனுக்கு உப்பளம் வெள்ளை வெளேரென்று அழகுதான். உள்ளே நின்று உப்பு வாருகிறவளுக்கு அது கண்ணைப் பறிக்கும் வெயில். காலை அரிக்கும் நீர்.

என் கதை இன்னும் நோட்டிலேயே கிடக்கிறது. நிலவை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன வரவேண்டும் என்று அக்காவிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.