மோட்டார் வாகனக் காப்புறுதி: காப்பின் வகை, பொறுப்பு எல்லை, சுயபொறுப்புத் தொகை

க.பொ.த. (சாதாரண தரம்) – வணிகக் கல்வியும் கணக்கீடும்
அலகு: காப்புறுதி



காப்புறுதித் தத்துவங்களின் பெயர்களை மனனம் செய்து எழுதுவோர் பலர். ஆனால் ஒரு விபத்தைக் கொடுத்து, "காப்புறுதி நிறுவனம் எவ்வளவு செலுத்தும்? உரிமையாளர் எவ்வளவு ஏற்க வேண்டும்?" எனக் கேட்டால் தடுமாறுகின்றனர். பரீட்சையில் புள்ளிகள் இழக்கப்படுவது இவ்விடத்திலேயே. வீட்டில் ஒரு வாகனம் இருக்குமாயின், பணம் இழக்கப்படுவதும் இவ்விடத்திலேயே.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• மோட்டார் வாகனக் காப்புறுதியின் வகைகளை வேறுபடுத்துவீர்கள்.
• பொறுப்பு எல்லை, சுயபொறுப்புத் தொகை என்பவற்றை விளக்குவீர்கள்.
• குறைக் காப்புறுதியின்போது கிடைக்கும் நட்டஈட்டைக் கணிப்பீர்கள்.
• பொருத்தமான காப்பைக் காரணங்காட்டித் தெரிவு செய்வீர்கள்.

1. சட்டத்தின் நிலை

இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வீதியில் செலுத்தப்படும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமாகும். காப்புறுதிச் சான்றிதழ் இன்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் பெற முடியாது.

காப்புறுதி ஒப்பந்தத்தில் முதலாந் தரப்பினர் வாகன உரிமையாளர். இரண்டாந் தரப்பினர் காப்புறுதி நிறுவனம். ஒப்பந்தத்தில் சேராத, ஆனால் அந்த வாகனத்தால் பாதிக்கப்படும் பாதசாரி, சைக்கிளோட்டி, மற்றைய வாகனத்தின் உரிமையாளர் போன்றோர் மூன்றாந் தரப்பினர் ஆவர்.

காப்புறுதி நிறுவனங்களை ஒழுங்குபடுத்துவது 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டமாகும். இதன் கீழ் இயங்கிய இலங்கைக் காப்புறுதிச் சபை, 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு என அழைக்கப்படுகின்றது. பழைய வினாத்தாள்களைச் செய்யும்போது இப்பெயர் மாற்றத்தைக் கவனத்திற் கொள்க.

2. காப்பின் வகைகள்

(அ) மூன்றாந் தரப்புக் காப்புறுதி
பிறருக்கு ஏற்படும் மரணம், உடற்காயம் என்பவற்றுக்கான சட்டப்பொறுப்பு காக்கப்படும். பிறரது சொத்துச் சேதத்துக்குப் பத்திரத்தில் குறிக்கப்பட்ட எல்லை வரையிலேயே பணம் கிடைக்கும். உரிமையாளரின் சொந்த வாகனச் சேதத்துக்கு எதுவும் கிடையாது. கட்டுப்பணம் மிகக் குறைவு.

(ஆ) மூன்றாந் தரப்பு, தீ மற்றும் களவுக் காப்புறுதி
மேற்கூறியவற்றுடன், சொந்த வாகனம் தீப்பற்றினால் அல்லது களவு போனால் மட்டும் நட்டஈடு கிடைக்கும்.

(இ) முழுமையான காப்புறுதி
மூன்றாந் தரப்புப் பொறுப்புடன், மோதல், தீ, களவு முதலியவற்றால் சொந்த வாகனத்துக்கு ஏற்படும் சேதமும் காக்கப்படும். குத்தகை வசதியில் வாகனம் வாங்குவோரிடம் நிதி நிறுவனங்கள் பொதுவாக இவ்வகைக் காப்புறுதியையே கோருகின்றன.

"முழுமையான" என்ற சொல்லைக் கண்டு எல்லாம் அடங்கும் என எண்ணிவிடக் கூடாது. வெள்ளம், கலவரம், பயங்கரவாதம், சாரதியின் சொந்தக் காயம் போன்றவை சில பத்திரங்களில் மேலதிகக் கட்டுப்பணம் செலுத்தினாலே சேர்க்கப்படும். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவைப் பகுதியில் வீடுகளுடன் வாகனங்களும் நீரில் மூழ்கின. தாழ்நிலப் பிரதேசத்தில் வசிப்பவர் வெள்ளக் காப்பு உண்டா எனப் பார்ப்பது அவசியம்.

மதுபோதையில் வாகனம் செலுத்துதல், செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவர் செலுத்துதல் ஆகியன பொதுவாகக் காப்பிலிருந்து விலக்கப்பட்டவை.

3. நினைவிற் கொள்ள வேண்டிய மூன்று தொகைகள்

பொறுப்பு எல்லை: மூன்றாந் தரப்பினருக்காக நிறுவனம் செலுத்தும் உச்சத் தொகை. மரணத்துக்கும் காயத்துக்கும் பொதுவாக எல்லை குறிக்கப்படுவதில்லை. சொத்துச் சேதத்துக்கு எல்லை உண்டு. எல்லைக்கு மேற்பட்ட தொகையை உரிமையாளரே செலுத்த வேண்டும்.

காப்புறுதித் தொகை: சொந்த வாகனத்துக்காகக் குறிக்கப்பட்ட பெறுமதி. இது சந்தைப் பெறுமதியிலும் குறைவாயின் குறைக் காப்புறுதி எனப்படும். பத்திரத்தில் சராசரி வாசகம் இருப்பின், நட்டமும் அதே விகிதத்தில் குறைக்கப்படும்.

நட்டஈடு = நட்டம் × (காப்புறுதித் தொகை ÷ சந்தைப் பெறுமதி)

சந்தைப் பெறுமதியிலும் கூடிய தொகைக்குக் காப்புறுதி செய்தாலும் உண்மையான நட்டத்துக்கு மேல் எதுவும் கிடையாது. இது நட்டோத்தரவாதத் தத்துவம் ஆகும்.

சுயபொறுப்புத் தொகை: வழக்கில் 'எக்சஸ்' எனக் கூறப்படுவது. ஒவ்வொரு கோரிக்கையின்போதும் உரிமையாளர் முதலில் தாமே ஏற்கும் தொகை இதுவாகும். இத்தொகை கூடினால் கட்டுப்பணம் குறையும்.

4. உதாரணக் கணிப்பு

(இங்கு தரப்படும் ரூபாத் தொகைகள் யாவும் கணிப்புக்கான எடுகோள்களாகும்.)

வவுனியா நகரில் ஒருவர் வாடகைக்கு முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். அவரது குடும்பத்தின் ஒரே வருமானம் அதுவே. வண்டியின் சந்தைப் பெறுமதி ரூபா 1,200,000. மழை நாளொன்றில் ஹொரவப்பொத்தானை வீதியில் வண்டி சறுக்கி, சைக்கிளில் வந்த ஒருவரைக் காயப்படுத்தி, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கார் ஒன்றிலும் மோதுகிறது. காரின் சேதம் ரூபா 350,000. சொந்த வண்டியின் சேதம் ரூபா 240,000. சைக்கிளோட்டியின் காயத்துக்கான நட்டஈட்டை மூன்று நிலைகளிலும் நிறுவனமே செலுத்தும் எனக் கொள்வோம். (சராசரி விகிதத்தைக் கணித்த பின்னர் சுயபொறுப்புத் தொகை கழிக்கப்படும்.)

நிலை 1: மூன்றாந் தரப்புக் காப்புறுதி, சொத்துச் சேத எல்லை ரூபா 100,000
கார்: நிறுவனம் 100,000, உரிமையாளர் 250,000
சொந்த வண்டி: உரிமையாளர் 240,000
உரிமையாளரின் மொத்தச் சுமை: ரூபா 490,000

நிலை 2: முழுமையான காப்புறுதி, காப்புறுதித் தொகை ரூபா 900,000, சொத்துச் சேத எல்லை ரூபா 500,000, சுயபொறுப்பு ரூபா 10,000
கார்: நிறுவனம் 350,000
சொந்த வண்டி: 240,000 × (900,000 ÷ 1,200,000) = 180,000; சுயபொறுப்புக் கழிய 170,000
உரிமையாளரின் மொத்தச் சுமை: 240,000 – 170,000 = ரூபா 70,000

நிலை 3: நிலை 2 இன் நிபந்தனைகளே, ஆனால் காப்புறுதித் தொகை ரூபா 1,200,000
உரிமையாளரின் மொத்தச் சுமை: சுயபொறுப்பு ரூபா 10,000 மட்டும்

ஒரே வீதி, ஒரே விபத்து. ஆயினும் ஒரு நிலையில் அக்குடும்பம் மறுவாரமே தொழிலைத் தொடரலாம். மற்றொரு நிலையில் கடன்பட நேரும். இவ்வேறுபாடு விபத்துக்கு முன்னர் பத்திரத்தில் எழுதப்பட்ட இலக்கங்களால் ஏற்பட்டதாகும்.

குறைக் காப்புறுதி எவ்வாறு ஏற்படுகின்றது? எல்லோரும் வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவதில்லை. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பாவித்த வாகனங்களின் விலை பெரிதும் உயர்ந்தது. பழைய தொகையிலேயே ஆண்டுதோறும் புதுப்பித்தவர்கள், தாம் அறியாமலே குறைக் காப்புறுதி நிலைக்கு வந்தனர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எனவே புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய சந்தைப் பெறுமதியை விசாரித்தறிய வேண்டும்.

5. சுயபொறுப்புத் தொகையைத் தெரிவு செய்தல்

திட்டம் க: சுயபொறுப்பு ரூபா 10,000, ஆண்டுக் கட்டுப்பணம் ரூபா 48,000
திட்டம் ங: சுயபொறுப்பு ரூபா 25,000, ஆண்டுக் கட்டுப்பணம் ரூபா 43,000

திட்டம் ங இனால் ஆண்டுக்கு ரூபா 5,000 மீதமாகும். ஆனால் ஒவ்வொரு கோரிக்கையிலும் ரூபா 15,000 மேலதிகமாக ஏற்க வேண்டும். 15,000 ÷ 5,000 = 3. அதாவது, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு கோரிக்கைக்கும் குறைவாயின் திட்டம் ங இலாபகரமானது. அதனிலும் கூடுதலாயின் திட்டம் க பொருத்தமானது. அத்துடன், விபத்து நேரும் நாளில் ரூபா 25,000 கையில் இருக்குமா என்பதையும் சிந்திக்க வேண்டும். நாளாந்த வருமானத்தில் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய வினாவன்று.

கோரிக்கையின்மைக் கழிவு: ஓர் ஆண்டில் நட்டஈடு கோராதவருக்கு அடுத்த ஆண்டுக் கட்டுப்பணத்தில் வழங்கப்படும் கழிவாகும். ரூபா 48,000 கட்டுப்பணத்தில் 20% கழிவு எனின் அது ரூபா 9,600. சேதம் ரூபா 14,000, சுயபொறுப்பு ரூபா 10,000 எனின் கோரிக்கையால் கிடைப்பது ரூபா 4,000 மட்டுமே. அதற்காக ரூபா 9,600 கழிவை இழப்பது புத்திசாலித்தனமன்று. ஆயினும் எவரேனும் காயமடைந்தால் சேதம் எவ்வளவு சிறிதாயினும் பொலிசாருக்கும் நிறுவனத்துக்கும் அறிவித்தே ஆக வேண்டும்.

6. தத்துவங்களைப் பொருத்திப் பார்த்தல்

அதியுயர் நம்பிக்கை: பிரேரணைப் படிவத்தில் உண்மைகள் யாவும் கூறப்பட வேண்டும். வாடகைக்கு ஓடும் வண்டியைச் சொந்தப் பாவனை எனக் காட்டினால் சிறு தொகை மீதமாகலாம். விபத்தின்போது நட்டஈட்டையே இழக்க நேரிடலாம்.

காப்புறுதி செய்தகு உரிமை: வாகனம் அழிவதால் பணநட்டம் அடைபவரே அதனைக் காப்புறுதி செய்யலாம். பாவித்த வாகனத்தை வாங்குபவர் பெயர் மாற்றம் செய்யாது 'ஓபன் பேப்பரில்' ஓடுவதும், பழைய உரிமையாளரின் காப்புறுதியை நம்பியிருப்பதும் ஆபத்தானவை.

பதிலீட்டு உரிமை: பிறரது தவறால் நேர்ந்த நட்டத்தை நிறுவனம் செலுத்தியபின், தவறிழைத்தவரிடம் அறவிடும் உரிமை நிறுவனத்துக்கு மாறும்.

பங்களிப்பு: ஒரே வாகனத்தை இரு நிறுவனங்களில் காப்புறுதி செய்தாலும் இருமடங்கு நட்டஈடு கிடையாது. நிறுவனங்கள் நட்டத்தைப் பகிர்ந்து செலுத்தும்.

7. விபத்து நேர்ந்தால்

முதலில் காயமடைந்தவரைக் கவனிக்க வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையையும், 119 பொலிஸ் அவசர இலக்கத்தையும் அழைக்கலாம். பின்னர் சம்பவ இடத்திலிருந்தே காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். நிறுவனத்தின் அனுமதியின்றித் தவறை ஏற்று எழுத்தில் உறுதியளிப்பதும், மதிப்பீட்டுக்கு முன் வாகனத்தைத் திருத்துவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

8. தெரிவுக்கான வழிகாட்டி

• பெறுமதி கூடிய வாகனம், குத்தகை வாகனம், தொழிலுக்குரிய வாகனம்: முழுமையான காப்புறுதி.
• மிகப் பழைய, பெறுமதி குறைந்த வாகனம்: மூன்றாந் தரப்புக் காப்புறுதி போதுமாகலாம். எனினும் சொத்துச் சேத எல்லையைக் கூட்டிக் கொள்வது நன்று. பழைய வாகனமும் விலைகூடிய காரில் மோதலாம்.
• தாங்கக்கூடிய சிறு நட்டத்தைத் தாமே ஏற்று, தாங்க முடியாத பெரு நட்டத்தை நிறுவனத்துக்கு மாற்றுவதே காப்புறுதியின் நோக்கம்.

பயிற்சி வினாக்கள்

1. இலங்கையில் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட காப்புறுதி
(1) தீக் காப்புறுதி (2) மூன்றாந் தரப்பு மோட்டார் காப்புறுதி (3) ஆயுட் காப்புறுதி (4) களவுக் காப்புறுதி

2. சுயபொறுப்புத் தொகையை அதிகரிக்கும்போது பொதுவாக
(1) கட்டுப்பணம் கூடும் (2) கட்டுப்பணம் குறையும் (3) பொறுப்பு எல்லை குறையும் (4) காப்புறுதித் தொகை கூடும்

3. ரூபா 6,000,000 சந்தைப் பெறுமதியுள்ள கார் ரூபா 4,500,000 க்கு முழுமையாகக் காப்புறுதி செய்யப்பட்டுள்ளது. சராசரி வாசகம் உண்டு. சுயபொறுப்பு ரூபா 25,000. சொத்துச் சேத எல்லை ரூபா 500,000. விபத்தில் காருக்கு ரூபா 800,000 உம், பிறரது மதிலுக்கும் வாகனத்துக்கும் ரூபா 700,000 உம் சேதம். நிறுவனம் செலுத்தும் மொத்தத் தொகையையும் உரிமையாளரின் சுமையையும் கணிக்குக.

4. "முழுமையான காப்புறுதி பெற்றவர் பத்திரத்தை வாசிக்கத் தேவையில்லை." இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? இரு காரணங்கள் தருக.

விடைகள்

1. (2)
2. (2)
3. சொந்தக் கார்: 800,000 × 75% = 600,000; சுயபொறுப்புக் கழிய 575,000. பிறர் சொத்து: 500,000. நிறுவனம் செலுத்துவது ரூபா 1,075,000. உரிமையாளரின் சுமை: 1,500,000 – 1,075,000 = ரூபா 425,000.
4. ஏற்கவில்லை. வெள்ளம், கலவரம் போன்றவை சேர்க்கப்படாதிருக்கலாம். சொத்துச் சேத எல்லை போதாதிருக்கலாம். காப்புறுதித் தொகை சந்தைப் பெறுமதியிலும் குறைந்திருக்கலாம். (ஏதேனும் இரண்டு)

செயற்பாடு: உங்கள் வீட்டில் அல்லது அயலில் உள்ள வாகனமொன்றின் காப்புறுதிப் பத்திரத்தைப் பெரியவரின் அனுமதியுடன் வாங்கிப் பாருங்கள். காப்புறுதித் தொகை, பொறுப்பு எல்லை, சுயபொறுப்புத் தொகை, முடிவுத் திகதி ஆகிய நான்கையும் குறித்துக் கொள்ளுங்கள். இவற்றுள் ஏதேனும் ஒன்று உரிமையாளருக்கே தெரியாதிருந்தால், இப்பாடத்தை அவருக்கும் விளக்குங்கள்.