வேலைக்குப் போகும் வழியில் மரணம்: நஷ்டஈடு யார் பொறுப்பு?

1952ஆம் வருஷம் ஜூன் 12ஆம் தேதி, போர்பந்தருக்கு அருகே உப்பளத் தொழிலாளர்கள் ஏறிய படகு கழியில் கவிழ்ந்தது. வானிலையும் மோசம், படகில் ஆட்களும் அதிகம். பலர் மூழ்கி இறந்தனர்.

மாண்டோரின் குடும்பத்துக்கு உப்பளக் கம்பெனி நஷ்டஈடு தரவேண்டுமா? வேண்டியதில்லை என 1958இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அப்படகு எல்லோரும் கூலி கொடுத்து ஏறும் பொதுப் படகு. தொழிலாளியும் தம் காசையே கொடுத்தார். பொதுவழியில் நிற்பவர் வேலையில் இருப்பவராகார் என்பதே அன்றைய கொள்கை. விதவைகளுக்கு இது கசப்பான தீர்ப்பே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1963இல், பணி முடித்து நிர்வாகத்தின் பஸ்ஸிலேயே வீடு திரும்பி விபத்துக்குள்ளான பம்பாய் பஸ் ஓட்டுநரின் வழக்கில் அக்கோர்ட்டே நஷ்டஈடு உண்டென்றது. ஆகவே, முதலாளி அனுப்பும் லாரிக்கும் பொதுப் படகுக்கும் வேறுபாடு உண்டு.

2025இல் வழி மேலும் விரிந்தது. அதிகாலை 3 மணிப் பணிக்குப் புறப்பட்டு, ஆலைக்கு 5 கிலோமீட்டர் தொலைவில் 2003இல் மாண்ட சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கு அது. நேரம், இடம், சூழ்நிலை ஆகியன வேலையோடு தொடர்புற்றிருப்பின், வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியும் 1923ஆம் வருஷச் சட்டத்துள் அடங்கும் என்றது தீர்ப்பு. இவ்வகை நஷ்டஈட்டுக்கு முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. புயலின்மேல் பழிபோட்டு மட்டும் அவர் தப்ப இயலாது. தொடர்பைக் காட்டுவதோ குடும்பத்தார் பொறுப்பு.

எனவே மழைநாளில் இத்தகைய மரணம் நேரின், புறப்பட்ட நேரம், சென்ற வழி, வண்டி அல்லது படகு எவருடையது, வரச் சொன்னவர் யார் என்பனவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர் சாட்சிகளின் பெயரோடு அன்றே எழுதி வைத்தல் நலம்.