இரண்டாவது வழியையும் தேடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

காசநோய்க் கிருமியின் ஒரு புரதத்தைக் குறிவைத்து, அதை முடக்கும் மூலக்கூறைக் கணினியில் தேடப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். அந்தப் புரதம் முடங்கினால் கிருமி அடுத்து என்ன செய்யும் என்று யோசித்தாயா?

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நெரிசல் என்றால் பைக்காரர்கள் உள்தெருவில் புகுந்து போய்விடுவார்கள். உயிரணுவும் அப்படித்தான். ஈஸ்ட்டின் சுமார் 6,000 மரபணுக்களைத் தனித்தனியே நீக்கிப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் நல்ல ஊட்டம் கொடுத்தால், எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் எந்த ஒன்று இல்லாவிட்டாலும் அது பிழைத்துக்கொண்டது.

காசநோய்க் கிருமியையே எடுத்துக்கொள். அதன் சுவாசச் சங்கிலியின் முடிவில் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை அடைய இரண்டு பாதைகள் உண்டு. 2013-இல் வெளிவந்த கியூ203 என்ற மூலக்கூறு, சைட்டோகுரோம் பிசி1 வழியாகப் போகும் பாதையை அடைக்கிறது. கிருமியின் வளர்ச்சி நிற்கிறது, ஆனால் அது சாவதில்லை. சைட்டோகுரோம் பிடி என்ற மற்ற பாதை காப்பாற்றிவிடுகிறது. அந்தப் பாதையையும் நீக்கிய கிருமியிடம் அதே மருந்தைக் கொடுத்தால் செத்துப்போகிறது. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டியது இது.

தப்புவதற்கு இன்னொரு வழி மரபணுத் திரிபு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. முன்னது கிருமிக்குள் ஏற்கெனவே இருக்கும் மாற்றுப்பாதை. பின்னது கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ ஒன்றில் தற்செயலாக நேர்வது. இதைச் சமாளிக்கத்தான் கூட்டுமருந்து. உங்கள் பக்கத்துத் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்கான சானடோரியம் தொடங்கியபோது காற்றும் உணவும் ஓய்வுமே சிகிச்சை. 1959-இல் வெளியான சென்னை ஆய்வு, ஐசோனியசிட், பாஸ் என்ற இரு மருந்துகளைச் சேர்த்து ஓராண்டு கொடுத்தால், வீட்டிலிருந்தே சானடோரியத்துக்கு இணையாகக் குணமாகலாம் என்று காட்டியது. இன்று முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். ஒன்றுக்குத் தப்பும் கிருமி இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும்.

அதற்காக மருந்துகளை அடுக்கிக்கொண்டே போகவும் முடியாது. அந்த நான்கில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. ஆகவே எண்ணிக்கையைவிடச் சரியான ஜோடிதான் முக்கியம். கிருமிக்கு இருந்து மனிதனுக்கு இல்லாத இலக்குகளாகப் பார். சைட்டோகுரோம் பிடி அப்படிப்பட்டது.

உன் புரதத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு மாற்றாகக் கிருமி எதைப் பயன்படுத்தும் என்று ஒரு பக்கமாவது எழுதாமல் ஆய்வுத் திட்டத்தை வழிகாட்டியிடம் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா