செலுத்தினேன், செலுத்தியிருக்கிறேன்

வங்கிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது நம்மில் பலர் தடுமாறும் இடம், ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ எனப்படும் நிகழ்கால நிறைவு. அமைப்பு எளிது. ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம் சேரும்: ‘ஐ ஹேவ் பெய்ட்’, ‘ஷீ ஹேஸ் பெய்ட்’. தமிழிலும் ‘செலுத்தி’ என்னும் வினையெச்சத்தோடு ‘இரு’ சேர்ந்து ‘செலுத்தியிருக்கிறேன்’ ஆகிறது.

ஒற்றுமை அவ்வளவே. ‘நேற்றே செலுத்தியிருக்கிறேன்’ என்பது நல்ல தமிழ். ஆங்கிலமோ, முடிந்துபோன நாளைச் சுட்டிவிட்டால் ‘ஹேவ்’ என்பதை ஏற்காது. ‘ஐ பெய்ட் யெஸ்டர்டே’ என்பதே முறை.

வைப்பினில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு அத்தீவே நல்ல பாடம். எர்ணாகுளத்தோடு அதை இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004-இல் திறக்கப்பட்டன. திறப்பு முடிந்த செயல்: ‘தி பிரிட்ஜஸ் ஓப்பன்ட் இன் 2004’. இணைப்போ இன்றும் தொடர்கிறது: ‘தே ஹேவ் லிங்க்ட் வைப்பின் டு எர்ணாகுளம் சின்ஸ் 2004’. ‘சின்ஸ்’ தொடக்கத்தையே சுட்டுகிறது. ஆகவே ஆண்டு வந்தும் ‘ஹேவ்’ நிலைக்கிறது. தீவின் வடமுனையில் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய பள்ளிப்புரம் கோட்டை இன்றும் நிற்கிறது. அதற்கு ‘ஹேஸ் ஸ்டுட்’. அக்கரையில், ஃபோர்ட் கொச்சியில், அவர்களே எழுப்பிய மானுவல் கோட்டை இடிபட்டுப் போயிற்று. அதற்கு வெறும் ‘ஸ்டுட்’.

‘பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று எழுதுவோர் மிகப் பலர். ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதே சரி.

நீங்கள் அறியாமல் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது என்று கொள்வோம். தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை எனில், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை என்பது 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நெறி. ‘ஐ ஹேவ் ரிசீவ்ட் தி மெசேஜ்’ என்றால் எந்த நாள் என்பது தெரியாது. ‘ஐ ரிசீவ்ட் தி மெசேஜ் ஆன் மண்டே’ என்று நாளைக் குறித்தே எழுதுங்கள். ‘ஐ டிட் நாட் மேக் திஸ் பேமென்ட்’ என்பதும் இறந்தகாலத்திலேயே அமையட்டும். அட்டையை முடக்கியதைச் சொல்லும்போது மட்டும் ‘ஐ ஹேவ் பிளாக்ட் தி கார்டு’ எனலாம். அது இன்னும் முடங்கியே இருக்கிறது அல்லவா?