புற்றுக் காளான் பறிப்போர் கவனத்திற்கு

இடியுடன் நல்ல மழை பெய்து, அடுத்த ஓரிரு நாட்கள் புழுக்கமாக இருந்தால், விடியும் முன்பே கூடையும் டார்ச் விளக்குமாகச் சிலர் சேர்ந்து காளான் பறிக்கக் கிளம்புவது கிராமங்களில் வழக்கம். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்கள். உண்மையில் அதை எழுப்புவது மண்ணின் ஈரமும் வெப்பமும்தான். சென்ற ஆண்டு முளைத்த இடத்தை எவரும் லேசில் வெளியே சொல்வதில்லை. எனினும் கூட்டாகச் செல்வதே நல்லது. ஒருவர் தவறிப் பறித்ததை மற்றவர் கண்டு ஒதுக்கி விடலாம்.

பெரும்பாலோர் தேடுவது புற்றுக் காளான். கரையான்கள் மண்ணுக்கடியில், மென்ற இலைதழைகளால் கூடு கட்டி, அதில் பூசணத்தை வளர்த்து உண்கின்றன. அந்தப் பூசணமே மழைக்குப் பின் காளானாக வெளியே வருகிறது. ஆகவே இதன் தண்டு கிழங்கு வேர்போல் நீண்டு கூடு வரை செல்லும். குடையின் நடுவில் கூரிய முனை இருக்கும். அடி மடிப்புகள் முதலில் வெண்மையாகவும், பின்னர் வெளிர் ரோஜா நிறமாகவும் காணப்படும். ஒன்றிரண்டை மட்டும் மண்ணைப் பக்கவாட்டில் கிளறி, வேருடன் எடுத்துப் பார்க்க வேண்டும். புற்றையே வெட்டினால் கூடு சிதைந்து, அடுத்த ஆண்டு அங்கு காளான் இராது.

தண்டில் வளையம் இருந்தால் விஷம் என்று சிலர் ஒதுக்குவர். இது சரியல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன் 1979-ல் விவரித்த புற்றுக் காளான் இனத்திற்கும் வளையம் உண்டு.

மேய்ச்சல் தரையில் முளைக்கும் பெரிய குடைக் காளான் ஒன்று பலரை ஏமாற்றுகிறது. குடைமேல் பழுப்புச் செதில்கள் இருக்கும். நீண்ட வேர் கிடையாது. இளசாக இருக்கையில் மடிப்பு வெள்ளைதான். முற்றிய பிறகே பச்சையாகும். விரிந்த குடையை இரவில் வெள்ளைத் தாள்மீது கவிழ்த்து வைத்தால், காலையில் பச்சைத் தூள் படிந்திருக்கும். இதைத் தின்றவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே வாந்தியும் பேதியும் கண்டுவிடும்.

இதைவிடக் கொடியது, அடித்தண்டில் உடைந்த முட்டை ஓடுபோல் பை உள்ள வகை. கழுத்தில் கிள்ளிப் பறித்தால் பை மண்ணிலேயே தங்கிவிடும். தூள் சோதனையும் இங்கு உதவாது. இதன் தூள் வெண்மையே. வெள்ளிக்காசு, பூண்டு, மஞ்சள் போட்டுப் பார்ப்பதும், புழு தின்றதால் நல்லது என்பதும் வெறும் நம்பிக்கைகள். இவ்விஷம் வேக வைத்தாலும் உலர்த்தினாலும் போகாது. உண்டு 6 மணி முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்றுவலியும் பேதியும் தொடங்கும். பிறகு குணமானதுபோல் தோன்றி, கல்லீரல் கெட்டுவிடும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் உண்டு பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

கூடைகளைக் கலக்கும் முன், அனுபவமுள்ள ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சந்தேகமான ஒன்றைக்கூடச் சேர்க்கலாகாது. மருந்து தெளித்த வயலோரக் காளானும் வேண்டாம். பாலிதீன் பையில் அடைத்தால் விரைவில் அழுகும்; மூங்கில் கூடையே ஏற்றது. சமைக்காத காளான் ஒன்றிரண்டைத் தனியே எடுத்து வைப்பது அவசியம். வயிற்றுக் கோளாறு கண்டால், தானே சரியாகட்டும் என்று காத்திராமல், அதையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உடன் உண்டவர்கள் நலமாக இருந்தாலும் அவர்களையும் அழைத்துச் செல்ல வேண்டும்.