கற்பனை உலகில் பெண்ணும் காதலும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், கணினி அறிவியல் மாணவி)

முன்னுரை

விளையாட்டு வினையாகும் என்பது பழமொழி. அது பாடமும் ஆகும் என்பதை அண்மையில் உணர்ந்தேன். மாயமும் மந்திரமும் நிறைந்த உலகில் நாமே ஒரு பாத்திரமாகி உலவும் விளையாட்டுகள் உண்டு. தோழியின் வீட்டுப் பழைய கணினியில் அவற்றுள் ஒன்றை முதன்முதலில் ஆடினேன். "ஆணா, பெண்ணா?" என்பதே அது என்னைக் கேட்ட முதல் கேள்வி. அந்த விடையால் எந்தக் கதவுகள் திறக்கின்றன, எவை மூடுகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலிமைக்கு வரம்பு

இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. காகிதமும் பகடையும் கொண்டு ஆடுவது அது. அதில் போர்வீரர் வகைக்கு இட்ட பெயரே 'ஃபைட்டிங் மேன்'. 1978-இல் வந்த விதிநூல் அப்பெயரை விட்டுவிட்டது. ஆனால் வேறொரு வேலி போட்டது. வலிமை எண் 18 பெற்ற போர்வீரர், மீண்டும் பகடை உருட்டி, நூற்றுக்கு இத்தனை என்று கூடுதல் வலிமை பெறலாம். மனித இனத்து ஆணுக்கு அது 100 வரை. பெண்ணுக்கு 50 வரை மட்டுமே. தீ உமிழும் டிராகனை நம்பியவர்கள் வலிமை மிக்க ஒரு பெண்ணை நம்பவில்லை! 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் இந்த வரம்பு நீங்கியது.

காதலில் கணக்கு

கணினி வந்தபின் இவ்விளையாட்டுகளில் காதலும் புகுந்தது. பயோவேர் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 2' விளையாட்டில், ஆணாக ஆடுபவர் காதலிக்க ஏரி, ஜஹீரா, விக்கோனியா என மூவர் இருந்தனர். பெண்ணாக ஆடுபவருக்கு அனோமன் ஒருவனே. அவனைப் பிடிக்கவில்லையென்றால் அவளுக்குக் காதலே இல்லை.

2011-இல் வந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில் மாரா தேவதையின் தாயத்தை அணிந்தவர், மணத்துக்கு இசைபவர் ஆணாயினும் பெண்ணாயினும் மணக்கலாம். 2023-இல் லாரியன் நிறுவனம் அளித்த 'பால்டர்ஸ் கேட் 3', உடலையும் குரலையும் நம்மைச் சுட்டும் பிரதிப்பெயரையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க விடுகிறது. காதலுக்குரிய துணைவர் எவரும் பால் காரணமாக நம்மை மறுப்பதில்லை.

நிரல் எழுதப் பயிலும் எனக்கு இது வியப்பாக இல்லை. 'பெண் எனில்' என்று தொடங்கும் ஒரு நிபந்தனையை யாரோ எழுதினார்கள். பின்வந்தவர்கள் எழுதாமல் விட்டார்கள். அவ்வளவுதான்.

மறுக்கும் உரிமை

எல்லாரும் இசைந்தால் சமத்துவம் வந்துவிடுமா? 2009-இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' விளையாட்டில் பரிசுப் பொருள் கொடுக்கக் கொடுக்கத் துணைவரின் அன்பு எண் ஏறும். இது அன்பா, கொள்முதலா? அதே வரிசையில் 2014-இல் வந்த 'இன்குவிசிஷன்' விளையாட்டில் டோரியன் ஆண்களை மட்டுமே விரும்புவான். சேரா பெண்களை மட்டுமே விரும்புவாள். எத்தனை உதவி செய்தாலும் அவர்கள் மனம் மாறாது. முதலில் இதுவும் ஒரு தடையே என எண்ணினேன். பிறகு வேறுபாடு விளங்கியது. 1978-இன் வரம்பு, பெண்ணைப் பற்றிப் பிறர் எழுதியது. டோரியனின் மறுப்போ, அவன் தன் மனத்தைத் தானே சொல்வதாக அமைந்தது.

முடிவுரை

சென்ற ஆண்டு என் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பெரியப்பாவைக் கேட்டார்கள், மாமாவைக் கேட்டார்கள், சோதிடரையும் கேட்டார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை. அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை. ஒரு கற்பனைப் பாத்திரத்துக்குக் கிடைத்த "வேண்டாம்" என்னும் சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நாளை நிரல் எழுதும் பணிக்குச் செல்லக்கூடும். தேர்ந்தெடுக்கும் உரிமையும் மறுக்கும் உரிமையும் சேர்ந்ததே சமத்துவம் என்பதை அன்று மறவேன். ஆனால் அதற்கு முன் வீட்டில் ஒரு கடமை இருக்கிறது. அடுத்து என் தங்கையின் முறை வரும். அப்போது முதல் கேள்வியை அவளிடம் நானே கேட்பேன்.