விஞ்ஞானப் புனைகதைச் சொற்கள் பிறந்த கதை

சென்ற வருடம் கல்லூரியின் சிறுகதைப் போட்டிக்கு நான் ஒரு விஞ்ஞானப் புனைகதை எழுதினேன். செவ்வாய்க் கிரகத்தில் குடியேறிய மனிதர்களை ஆளும் ஒருவருக்கு 'ஸோர்க்கான்' என்று பட்டம் சூட்டியிருந்தேன். கதையை வாசித்த தமிழ் ஆசிரியை, "இந்தப் பட்டத்துக்கு என்ன கருத்து?" என்று கேட்டார். "கருத்து ஒன்றும் இல்லை டீச்சர், கேட்க வித்தியாசமாக இருக்கட்டும் என்று வைத்தேன்" என்றேன். அவர் அச்சொல்லின் கீழ் ஒரு கோடு இழுத்துவிட்டு, "வேர் இல்லாத சொல்லை வாசகர் எப்படி நம்புவார்?" என்றார்.

கதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. பெரிய எழுத்தாளர்கள் தாம் படைத்த உலகங்களுக்குரிய சொற்களை எங்கிருந்து எடுத்தார்கள்? நான் தேடி அறிந்தவற்றை இங்கு பகிர்ந்து கொள்கிறேன்.

உழைப்பிலிருந்து வந்த சொல்

இன்று சிறு பிள்ளைக்கும் தெரிந்த 'ரோபோ' என்ற சொல் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுகூடத்தில் பிறக்கவில்லை. அது ஒரு நாடகத்தில் பிறந்தது. செக் எழுத்தாளர் கரெல் சாபெக் எழுதி 1920 இல் வெளிவந்த 'ஆர்.யூ.ஆர்.' என்ற நாடகமே அது. மனிதருக்காக வேலை செய்யச் செயற்கையாக உருவாக்கப்பட்ட உயிர்களுக்கு, உழைப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையொட்டி 'லபோரி' என்று பெயரிடவே சாபெக் முதலில் நினைத்தார். அது ஏட்டுச் சொல்லாக இருப்பதாக அவருக்குப் பட்டது. ஓவியரான சகோதரர் யோசப்பிடம் கேட்டபோது அவர்தான் 'ரோபோட்' என்ற பெயரைச் சொன்னார்.

செக் மொழியில் 'ரொபோதா' என்றால் நிலப்பிரபுவுக்காகக் குடியானவர்கள் கட்டாயமாகச் செய்யவேண்டியிருந்த வேலை. அந்த முறை 1848 இல்தான் அங்கு ஒழிக்கப்பட்டது. நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்த இராஜகாரிய முறையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆகவே 'ரோபோட்' என்ற பெயரைக் கேட்டவுடனேயே செக் மக்களுக்கு அந்தக் கட்டாய உழைப்பின் வேதனை நினைவுக்கு வந்திருக்கும். நாடகத்தில் ரோபோக்கள் கிளர்ந்தெழுவதற்கான காரணம் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

தேய்ந்த சொல்லும் சுக்கான் சொல்லும்

உள்ள சொல்லைத் தேய்த்துப் புதிய சொல் செய்வது இன்னொரு வழி. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குயின் 1966 இல் வெளியான தமது நாவலில், நட்சத்திரங்களுக்கு இடையே நொடிப்பொழுதில் செய்தி அனுப்பும் கருவிக்கு 'ஆன்சிபிள்' என்று பெயரிட்டார். 'பதில் கிடைக்கக்கூடியது' என்ற பொருள்தரும் 'ஆன்சரபிள்' என்ற ஆங்கிலச் சொல்லின் தேய்ந்த வடிவம் இது. பின்னர் வேறு எழுத்தாளர்களும் அதே பெயரைத் தமது கதைகளில் பயன்படுத்தினார்கள்.

'சைபர் ஸ்பேஸ்' என்ற சொல்லை வில்லியம் கிப்சன் 1982 இல் ஒரு சிறுகதையில் பயன்படுத்தினார். அதிலுள்ள 'சைபர்', நோபேர்ட் வீனர் 1948 இல் நிலைநாட்டிய 'சைபர்நெட்டிக்ஸ்' என்ற துறையின் பெயரிலிருந்து வந்தது. அதன் வேரோ கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் சொல். 'கவர்னர்' என்ற ஆங்கிலப் பட்டமும் இதே வேரிலிருந்து இலத்தீன் வழியாக வந்ததுதான். நாட்டை ஆள்பவரும் கப்பலைச் செலுத்துபவரும் ஒரே வேருக்குள் நிற்பதைப் பார்த்து நான் வியந்தேன்.

பாலைவனக் கிரகத்தில் நமது சொற்கள்

ஆங்கில அறிவை வளர்க்க வேண்டும் என்று நூலகத்திலிருந்து எடுத்த ஒரு தடித்த நாவல்தான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. பிராங் ஹேர்பேர்ட் எழுதி 1965 இல் நூலாக வெளிவந்த 'டியூன்' அது. அதன் இறுதியில் ஒரு சொல் அகராதி இருக்கிறது. ஆங்கிலச் சொல் தெரியாமல் அதைப் புரட்டிய எனக்கு, குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய காலம் கண்முன் வந்தது. 'ஆயத்', 'புர்ஹான்', 'நாயிப்', 'மஹ்தி' என்று எல்லாம் தெரிந்த சொற்கள்!

அண்டத்தை ஆளும் சக்கரவர்த்தியின் பட்டம் 'பாதிஷா'. நாம் கதைகளில் கேட்ட பாதுஷாதான் அது. மூலம் பாரசீகம். பாலைவனக் குடிகளின் தலைவர் 'நாயிப்'. அரபியில் அதற்குப் பிரதிநிதி என்பது பொருள். கதாநாயகன் தனக்கு வைத்துக்கொள்ளும் பெயர் 'முஆத்திப்'. கதையில் அது ஒரு பாலைவன எலியின் பெயர். ஆனால் சிறுவர்களுக்குக் கற்பிப்பவன் என்றும் அதற்கு விளக்கம் தரப்படுகிறது. அதபு கற்பிப்பவர் 'முஅத்திப்' என்பதை ஹேர்பேர்ட் அறிந்தே வைத்திருக்கிறார்.

அரபியோடு அவர் நின்றுவிடவில்லை. 'குவிசாட்ஸ் ஹடராக்' என்ற விசித்திரமான பட்டம், நெடுந்தூரத்தை நொடியில் கடப்பதைக் குறிக்கும் ஹீப்ரு மொழித் தொடரிலிருந்து பிறந்தது. கதை நடப்பது பல்லாயிரம் வருடங்களுக்குப் பின்னர். அவ்வளவு காலத்தில் சமயங்கள் கலக்கும், சொற்கள் தேயும், பொருள் மாறும் என்பது அவரது கற்பனை. அதனால்தான் அச்சொற்கள் நமக்குத் தெரிந்தும் தெரியாதவை போல ஒலிக்கின்றன.

முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. நமது சொற்கள் இவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கின்றனவே என்று வாப்பாவிடம் காட்டினேன். 'மஹ்தி' என்ற சொல்லின் மீது வாப்பாவின் விரல் நின்றது. "கதையில இவர் யாரு?" என்று கேட்டார். மக்களின் எதிர்பார்ப்பைப் பயன்படுத்தித் தலைவனாகும் ஓர் இளைஞன் என்றேன். வாப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொல்ல மட்டும் எடுத்தாப் போதாது மகள். அந்தச் சொல்ல நம்புற மனிசர் இருக்காங்க எண்டதயும் நினைக்கணும்" என்றார்.

அன்றிரவு நான் நாவலை மீண்டும் புரட்டினேன். கண்மூடித்தனமாக ஒரு தலைவனைப் பின்பற்றுவது ஆபத்து என்று எச்சரிக்கவே ஹேர்பேர்ட் அப்படி எழுதினார் என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் வாப்பாவின் வார்த்தையிலும் நியாயம் இருந்தது. 'ஜிஹாத்' என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் பெருமுயற்சி என்பதாகும். இந்த நாவலை மட்டும் வாசிக்கும் ஒருவர் அதனைப் போர் என்று மாத்திரமே அறிந்துகொள்வார். 2021 இல் வந்த திரைப்படத்தில் அச்சொல்லைத் தவிர்த்துப் 'புனிதப் போர்' என்றே சொல்கிறார்கள். ஒரு சொல்லை எடுத்தாலும் பொறுப்பு இருக்கிறது, விட்டாலும் பொறுப்பு இருக்கிறது.

நமது மலையும் நமது கடலும்

1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1979 இல் வெளியிட்ட 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்ற நாவலில் நமது நாட்டையே கற்பனைத் தீவாக்கி, பழைய கிரேக்கப் பெயரான 'தப்ரபேன்' என்பதைச் சூட்டினார். சிகிரியா அதில் 'யக்ககல' ஆனது. நாம் பாவா ஆதம் மலை என்றழைக்கும் சிவனொளிபாதமலை 'ஸ்ரீகந்த' ஆனது. விண்வெளி வரை செல்லும் கோபுரத்தை அந்த மலையிலேயே அவர் நட்டார். பெயர்கள் புதியவை, ஆனால் இலங்கை வாசகர் எவரும் அவற்றின் பின்னாலுள்ள இடங்களை அடையாளம் கண்டுகொள்வார்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னர் எனது பழைய கதையை மீண்டும் கையில் எடுத்தேன். 'ஸோர்க்கானை' வெட்டினேன். அதற்குப் பதிலாக 'மஹ்தி' போன்ற ஒரு சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் 'மாலுமி' என்ற சொல்லின் வேரை அகராதியில் கண்டேன். கற்பிப்பவர் என்று பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லே கடல் வழியாக வந்து தமிழில் 'மாலுமி' ஆகியிருக்கிறது. 'சுக்கான்' என்பதும் அரபியிலிருந்து வந்ததே. வழி தெரிந்தவரே கற்பிப்பவர், கற்பிப்பவரே கப்பலைச் செலுத்துபவர்.

எனது செவ்வாய்க் கிரகத்தின் தலைவர் இப்போது 'பெருமாலுமி'. அவருக்குச் சிம்மாசனம் இல்லை. குடியேற்றத்திலுள்ள பிள்ளைகளுக்கு நட்சத்திரங்களைப் பார்த்து வழி அறியக் கற்பிப்பதே அவரது முதற் கடமை. இந்தக் கடமையை நான் சிந்தித்து உருவாக்கவில்லை. சொல்லின் வேரைத் தேடியபோது அதுவும் கூடவே கிடைத்தது.

கதை எழுத விரும்பும் சகோதரிகளே, அடுத்த போட்டிக்கு ஒரு புதிய சொல்லை ஆக்கும் முன்னர் உங்கள் உம்மும்மாவின் பேச்சையும், வீட்டிலுள்ள அகராதியையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நாளைய உலகத்துக்குத் தேவையான பெயர் அங்கேயே இருக்கக்கூடும். எடுக்கும்போது அது யாருடைய சொல் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.